தலைவர் ஏன் குனிந்தார்?

தோட்ட நிர்வாகியான பெரிய துரையின் மேசைக்கு முன்னால் நின்று குடிதண்ணீரைப் பற்றிக் காரசாரமாகப் பேசிக்கொண்டிருந்தபோது, தலைவர் வீரமலையின் கால்கள் அவரைக் கேட்காமலே எரியத் தொடங்கின.

முதலில் இடுப்புக்குக் கீழே சுள்ளென்று ஒரு குத்தல். அது தொடையின் பின்பக்கமாக இறங்கி, கெண்டைக்காலில் கொஞ்சம் தங்கி, பாதத்தை மரத்துப்போக வைத்தது. செருப்புக்குள் இருப்பது தன்னுடைய கால்தானா, யாராவது மாற்றி வைத்துவிட்டார்களா என்று அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

வேறு யாராவது என்றால் 'கொஞ்சம் உட்காரட்டுமா' என்று கேட்டிருப்பார்கள். வீரமலையால் அது முடியாது. ஹல்துமுல்லைக்கு மேலே இருக்கும் மயில்கந்தைத் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர் என்றால் அவர்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பதவியிலிருந்து அவரை அசைக்க ஆளில்லை. காரணம், அவர் போட்ட சட்டம். துரைக்கு முன்னால் குனியக் கூடாது. துரை காட்டுகிற நாற்காலியில் உட்காரக் கூடாது. துரை கையிலிருந்து ஒரு துரும்பும் வாங்கக் கூடாது. அவருடைய அப்பா, துரையின் கார்ச் சத்தம் கேட்டாலே தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பாதையோரம் வளைந்து நிற்பார். அதைப் பார்த்துப் பார்த்து வெட்கப்பட்டு வளர்ந்தவர் வீரமலை. தன் முதுகு வளைந்து எவனும் பார்க்கக் கூடாது என்பதில் அப்படி ஒரு வீம்பு அவருக்கு.

இன்னொரு ஏற்பாடும் அவர் கொண்டுவந்ததுதான். பேச்சுவார்த்தைக்கு ஒருவர் மட்டுமே உள்ளே வரலாம் என்பது ஒப்பீஸ் சட்டம். அப்படியானால் மற்றவர்கள் பார்க்கவாவது வேண்டும் என்று அடம்பிடித்து, கமிட்டிக்காரர்களை வெளி விறாந்தையில், கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார். தலைவர் உள்ளுக்குள்ளே விலை போய்விடக் கூடாது அல்லவா? ஜன்னல் வழியாகச் சத்தம் கேட்காது. துரையும் அலுமாரி மறைவில் இருப்பதால் தெரியமாட்டார். தலைவரின் முதுகு மட்டும் நன்றாகத் தெரியும்.

அந்த முதுகைத்தான் இப்போது அவர் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டிருந்தார். நிமிர்த்த நிமிர்த்த எரிச்சல் கூடியது.

"தலைவர், உட்காருங்க" என்றார் துரை. புதிதாக வந்தவர். கண்ணாடி போட்ட, மெலிந்த, கண்டிப் பக்கத்துச் சிங்கள இளைஞர். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கவனமாகத் தமிழ் பேசுவார்.

"உட்கார வரல, தொர. தண்ணி கேக்க வந்தேன். ஊத்துத் தண்ணி மொதல்ல பங்களாவுக்குப் போயி, மிஞ்சினதுதான் எங்க பீலிக்கு வருது. பொம்பளைங்க குடத்தை வச்சிக்கிட்டு..."

அந்த இடத்தில் கால் கைவிட்டது. விழாமல் இருக்க, அவர் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமேல் ஊன்றிக் குனிந்தார்.

குனிந்ததும் நடந்ததுதான் அதிசயம். குழாயை மூடினாற்போல எரிச்சல் நின்றது. பாதம் திரும்பி வந்தது. வீரமலைக்கு நம்ப முடியவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார். இன்னும் சுகம். கண்களை மூடி, பல்லைக் கடித்திருந்த வாய் வழியாக 'உஸ்ஸ்ஸ்' என்று மூச்சை விட்டார். அந்த மூச்சிலேயே விட்ட இடத்திலிருந்து கேள்வியையும் முடித்தார்.

"தண்ணி... எப்ப... வரும்?"

ஏதோ உருண்டு தரையில் விழுந்த சத்தம் கேட்டது. பேனாவாக இருக்கும்.

"வரும் தலைவர், வரும்" என்றார் துரை. "கோபம் வேணாம். தனிப் பைப் போடுவோம். இந்த மாசமே போடுவோம்."

வீரமலை கண்ணைத் திறந்தார். இதே தண்ணீருக்காக எத்தனை துரைமாரிடம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்! இந்தப் பிள்ளை ஒரே மூச்சில் தருகிறது. தங்கமான மனுசன் என்று நினைத்துக்கொண்டார். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற ஒப்பீஸ் பியோன் செபமாலை, உள்ளே வருவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

சிரித்த முகத்தோடு வெளியே வந்த தலைவரை, கமிட்டி சிரிக்காத முகத்தோடு வரவேற்றது.

"தண்ணி வருதுப்பா! தனிப் பைப்!"

யாரும் கை தட்டவில்லை. கமிட்டிச் செயலாளர் ஜெயகுமார், தலைவர் கையில் தொழில் படித்த நடுவயதுக்காரன், தொண்டையைச் செருமினான்.

"உள்ள என்னாங்க தலைவரே, கும்புடு போட்டீங்க?"

"கும்புடலடா. கால் வலிச்சிச்சு."

"கால் வலிச்சா காலைத்தானே புடிக்கணும்? தொர மேசையை ஏன் புடிச்சீங்க?"

நியாயமான கேள்வி. 

சாயங்காலத்துக்குள், பெண்கள் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் செய்தி பரவிவிட்டது. தண்ணீர் வரப்போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. எந்தத் துரையிடமும் வராத தண்ணீர், குனிந்தவுடனே வந்துவிட்டதாம் என்றுதான் பேச்சு. கேட்டு வாங்கியது போய், கெஞ்சி வாங்கியது என்றாகிவிட்டது.

வீரமலைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மனக்கவலைக்கு நடுவிலும் ஒரு கேள்வி அவரைக் குடைந்துகொண்டே இருந்தது. குனிந்தால் நிற்கிற வலி, இது என்ன வலி?

மறுநாளே தன் கால்களைத் தானே வேவு பார்க்க ஆரம்பித்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்திலிருந்து மேல்மலைக்கு ஏறிப் பார்த்தார். மூச்சு வாங்கியது, கால் வாயைத் திறக்கவில்லை. திரும்பி இறங்கினார். பாதி வழியில் இரண்டு காலும் பற்றிக்கொண்டு எரிந்தன. ஒரு கல்லில் உட்கார்ந்தார். அணைந்தது. எழுந்து நின்றார். பற்றிக்கொண்டது. பக்கத்தில் யாரோ விட்டுப்போயிருந்த கைவண்டியின் பிடியில் சாய்ந்து அதைத் தள்ளிக்கொண்டே இறங்கினார். ஒரு தொந்தரவும் இல்லை. பாட்டுக்கூட வந்தது. யாருடைய வண்டி என்று பார்க்காமல் லயம் வரைக்கும் தள்ளி வந்ததில், வண்டிக்காரன் பின்னாலேயே கத்திக்கொண்டு வந்து பிடுங்கிக்கொண்டு போனான்.

மனைவி ரெங்கம்மா இதையெல்லாம் வாசலில் நின்று பார்த்தாள்.

"ஏறயில வலிக்கல, எறங்கயில வலிக்குதா? இந்த மாதிரி காலு எந்த ஊருல இருக்கு? வெறகுக்கட்டு தூக்கிட்டு எறங்கச் சொல்லுவேன்னுதானே இந்த நாடகம்?"

"சத்தியமா இல்ல புள்ள. எனக்கே என்னான்னு வெளங்கல. வளைஞ்சு நின்னா வலி போயிருது பாரேன்."

அவர் அவள் முன்னால் முழங்காலைப் பிடித்துக் குனிந்து காட்டினார். கட்டின நாளிலிருந்து தன் புருஷன் அப்படி நின்று ரெங்கம்மா பார்த்ததில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பயம் வந்தது. மறுநாள் காலையிலேயே அவரை இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

ஆஸ்பத்திரியில் இருந்தவர் டொக்டர் கேசினி, யாழ்ப்பாணத்துப் பிள்ளை. நோயாளி சொல்வதை முழுதாகக் கேட்கிற அபூர்வப் பிறவி. வீரமலை தன் ஆராய்ச்சி முழுவதையும், கைவண்டி உட்பட, சொல்லி முடித்தார். டொக்டரின் கண்கள் பிரகாசமாயின.

"ஐயா, நான் கேக்கவேண்டியதையெல்லாம் நீங்களே சோதிச்சுப்போட்டு வந்திருக்கிறியள்! நிமிர்ந்து நிக்கேக்க கால் விறைக்கும், கல்லிலை இருந்தாக் குறையும், குனிஞ்சா சுகம். அப்பிடித்தானே?"

"அப்படியேதாங்க."

"வருத்தம் காலிலை இல்லை. முதுகிலை. வயசு போகப் போக, முள்ளந்தண்டின்ரை அடிப்பக்கத்திலை நரம்பு போற வழி ஒடுங்கிப்போகும். நீங்கள் நிமிர்ந்தா வழி இன்னும் ஒடுங்கி நரம்பை நெரிக்கும். நெரிபடுறது அங்கை, நோகிறது காலிலை. முன்னுக்குக் குனிஞ்சா வழி கொஞ்சம் விரியும்."

"ஏறும்போது ஏங்க வலிக்கல?"

"மலை ஏறேக்க எல்லாரும் முன்னுக்குச் சாய்ஞ்சுதானே ஏறுவினம். இறங்கேக்க விழுந்திடுவம் எண்டு பின்னுக்கு நிமிருவினம்."

வீரமலை அசந்துபோனார். எவ்வளவு காலமாக இந்த மலையில் ஏறி இறங்குகிறார், தான் எப்படி ஏறுகிறோம் என்று ஒரு நாளும் கவனித்ததில்லையே! கொஞ்ச நேரம் அந்தச் சந்தோஷத்திலேயே இருந்தார். தன் கால் பொய் சொல்லவில்லை. ரெங்கம்மாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் கூரையைப் பார்த்தாள்.

"பதுளைக்குப் போய் ஸ்கேன் எடுப்பம். மாத்திரை தாறன், உடற்பயிற்சியும் சொல்லித்தாறன். தேவைப்பட்டா மட்டும் பிறகு ஒப்பரேசனைப் பற்றி யோசிப்பம். அதுவரைக்கும் கன நேரம் நிமிர்ந்து நிக்காதேங்கோ. நோகேக்க இருங்கோ, இல்லாட்டிக் குனியுங்கோ."

"குனியக் கூடாதுங்களே, டொக்டர். நான் தலைவர்."

டொக்டர் சிரித்தார். "உங்களுக்குக் குனியிறது மரியாதை இல்லை ஐயா, மருந்து."

மருந்தைக் கமிட்டிக்கு எப்படி விளக்குவது என்று யோசித்துக்கொண்டே வந்தார். ஒரு மூங்கில் குழாயை வைத்து, நரம்பு, வழி, நெரிசல் எல்லாவற்றையும் ஜெயகுமாருக்குப் பாடம் நடத்தினார். ஜெயகுமார் பொறுமையாகக் கேட்டான்.

"எல்லாம் சரிங்க தலைவரே. ஆனா அந்த முதுகெலும்பு தொரயைக் கண்டவுடனேதான் சுருங்கணுமா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வீரமலைக்கு முகம் சுருங்கியது. இனிமேல் துரை முன்னால் குனிவதில்லை என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

அடுத்த பேச்சுவார்த்தை பிள்ளை மடுவத்தைப் பற்றியது. கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் அந்தக் கட்டடத்தின் கூரை ஒழுகியது. குனியக் கூடாது, நிற்கவும் முடியாது. மிச்சமிருந்தது உட்காருவது. அதற்கும் தடைதான். ஆனால் குனிவதை விட உட்காருவது கௌரவம் என்று வீரமலை கணக்குப் போட்டார். துரை காட்டுகிற நாற்காலியில்தானே உட்காரக் கூடாது? சுவரோரம் கிடந்த வேறொரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து, மேசைக்கு எதிரே தடாலென்று போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை மடுவத்துக் கூரை" என்றார்.

"பார்ப்போம் தலைவர். எஸ்டிமேட் எடுத்து, மேலே அனுப்பி..."

"பாருங்க" என்றார் வீரமலை. கால்களை நீட்டிக்கொண்டார். சுகமாக இருந்தது. அந்த நாற்காலியை விட்டு எழும்பவே மனம் வரவில்லை. எழும்பினால் நிமிர வேண்டும், நிமிர்ந்தால் வலிக்கும், வெளியே போனால் லயம் வரை இறக்கம்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "தலைவர் போறதுதானே?"

"கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்."

துரை தேநீருக்குச் சொன்னார். செபமாலை கொண்டுவந்து வைத்தான். துரையின் கோப்பை ஆறிப்போனது. வீரமலை தன் கோப்பையைத் தொடவில்லை. துரை கையால் வாங்குவதில்லை என்ற சட்டமாவது மிஞ்சட்டுமே!

"கூரை... சரி. இந்தக் கிழமையே வேலையைத் தொடங்கச் சொல்றேன்."

"நல்லதுங்க" என்றார் வீரமலை. எழும்பவில்லை. "இன்னுங் கொஞ்சம் இருக்கேனே."

துரை நெற்றியைத் துடைத்தார். அந்தக் குளிரில் ஏன் வியர்க்கிறது என்று வீரமலைக்கு ஆச்சரியமாக இருந்தது. பாவம், காய்ச்சல் போல என்று எண்ணினார்.

"லயத்துக்குப் போற பாதையும் போட்டுத் தாறோம்" என்றார் துரை திடீரென்று.

பாதையை வீரமலை கேட்கவே இல்லை. கேட்காமலே கொடுக்கிறார்! இந்தக் காலத்தில் இப்படியும் ஒரு துரையா என்று உள்ளம் குளிர்ந்து எழுந்து வெளியே வந்தார்.

வெளியே கமிட்டி கல்லாய் நின்றது.

"உட்கார்ந்துட்டாருய்யா" என்றான் ஒருவன் மெதுவாக, சாவு வீட்டில் பேசுகிற குரலில்.

"டீ வேற வந்திச்சு" என்றான் இன்னொருவன்.

"குடிக்கலையேடா!" என்றார் வீரமலை.

"நாங்க இருக்கோம்னு குடிச்சிருக்க மாட்டீங்க."

பாதையும் வருகிறது என்று சொன்னதும் நிலைமை இன்னும் மோசமானது. கேட்காததையும் கொடுக்கிற அளவுக்கு இரண்டு பேருக்கும் உள்ளுக்குள் என்ன ஒட்டு உறவு? ஜெயகுமார் தலைவரின் முகத்தைப் பார்க்காமல் பேச ஆரம்பித்தான். வீரமலைக்கு அதுதான் எல்லாவற்றையும் விட வலித்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போட்டுப் புதுத் தலைவரைத் தெரிவு செய்யப்போவதாக ரெங்கம்மாதான் பீலியடியில் கேட்டுவந்து சொன்னாள்.

"பதவி போனாப் போகுது. ஒடம்பைப் பாருங்க" என்றாள்.

"பதவி போகட்டும் புள்ள. வீரமலை தொரகிட்ட வளைஞ்சுட்டான்னு பேரு நிக்குமே. எங்கப்பனைச் சொன்ன மாதிரி என்னையும் சொல்லுவாங்களே."  ரெங்கம்மா அதன் பிறகு கேலி செய்யவில்லை.

குனியவும் கூடாது, உட்காரவும் கூடாது என்றால் ஊன்றிக்கொள்ள ஒரு கம்பு வேண்டும். வீரமலை பஸ் ஏறிப் பெரகல சந்திக்குப் போனார். ஜௌபர் நானாவின் கடையில் ஊசி முதல் உரல் வரை கிடைக்கும்.

"பொல்லா தலைவர்? இந்தா, நல்ல ஒசரமான பொல்லு ஈக்கி" என்றார் ஜௌபர்.

வீரமலை ஊன்றிப் பார்த்தார். உயரமான பொல்லு முதுகை நிமிர்த்தியது. கால் உடனே முனக ஆரம்பித்தது.

"ஒசரம் வேணாம் நானா. கட்டையா வேணும்."

"கட்டையா? எல்லாரும் நிமிந்து நடக்கத்தானே பொல்லு வாங்குற?"

"நான் குனிஞ்சு நடக்க வாங்குறேன்."

ஜௌபர் அவரை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, கடையின் பின்பக்கத்திலிருந்து ஒன்றை எடுத்துவந்தார். கறுப்பு மரம். தலைப்பக்கம் கனமான பித்தளை நாய்த்தலை. "பழைய பங்களாச் சாமான். வெள்ளக்காரத் தொர புடிச்ச பொல்லாம். கட்டையா ஈக்கிறது இது மட்டும்தான்."

அளவு கச்சிதமாக இருந்தது. பங்களாப் பொல்லு என்பது மனதை உறுத்தியது. ஆனால் கால் அதற்கு மேல் யோசிக்க விடவில்லை. வாங்கிக்கொண்டு வந்தார்.

பொல்லு வந்த அன்றே அவர் ஒரு பெரிய திட்டம் போட்டார். துரையோடு சுமுகமாக இருப்பதுதானே பிரச்சினை? போய் அவரோடு ஒரு சண்டை போட்டுவிட்டால் போச்சு! இனிமேல் எனக்கு எதையும் தராதே என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வந்தால், பேர் தானாகத் திரும்பிவிடும். கமிட்டியை ஜன்னலுக்கு வரச் சொன்னார். அவர்களும் வந்தார்கள், நம்பி வந்தவர்களைப் போல இல்லை, கடைசித் தடவையாகப் பார்த்துவிடலாம் என்று வந்தவர்களைப் போல.

வீரமலை உள்ளே போனார். பொல்லை மேசைமேல் வைத்தார். பித்தளைத் தலை கனம். 'டங்' என்று சத்தம் எழுந்தது. துரை எழுந்து நின்றுவிட்டார்.

"தொர, இங்க பாருங்க. இனிமே நீங்க எனக்கு ஒண்ணுமே குடுக்காதீங்க!"

"இல்ல இல்ல தலைவர், எல்லாம் குடுப்போம். பைப் நாளைக்கே வருது. கூரைத் தகரம் வந்திருச்சு."

"நான் சொல்றது வெளங்கலையா? எனக்கு வேணாம்! நீங்க இப்படிக் குடுக்கக் குடுக்க எனக்குக் கோவம்தான் வருது!"

"லயத்துக்குப் புது லைட்டும் போடுவோம்" என்றார் துரை.

இந்த மனுசனோடு சண்டை போடவே முடியாது என்று வீரமலைக்குப் புரிந்துவிட்டது. பிறவிக் கருணை. வெறுத்துப்போய்த் திரும்பி நடந்தார். மனம் நொந்த வேகத்தில் பொல்லை மறந்துவிட்டார். வாசலைத் தாண்டி நாலு அடி வைத்ததும் கால் அதை ஞாபகப்படுத்தியது.

அதற்குள் துரையே பொல்லைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். விறாந்தையில், கமிட்டி முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, பித்தளை நாய்த்தலை போட்ட அந்தப் பங்களாப் பொல்லை இரண்டு கையாலும் ஏந்தி நீட்டினார்.

"தலைவர், இது உங்களோடது. கொண்டு போங்க."

வலி தாங்காத வீரமலை அதை வாங்கி, அதன்மேல் வளைந்து நின்றார்.

ஜெயகுமார் கண்ணை மூடிக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தோட்டமே கூடியிருந்தது. பீலியில் புதுக் குழாய் மாட்டியாகிவிட்டது, தண்ணீர் கொட்டுகிற சத்தம் அங்கே வரை கேட்டது. ஆனால் ஒருத்தர் முகத்திலும் மலர்ச்சி இல்லை.

வீரமலை பொல்லை ரெங்கம்மாவிடம் கொடுத்துவிட்டு, நடுவில் வந்து நிமிர்ந்து நின்றார். கூட்டம் முடியும் வரை வளையாமல் நிற்பது என்று வைராக்கியம். பேச வந்தது ஜெயகுமார். சுருக்கமாகப் பேசு என்று ஜெயகுமாருக்கு அவர் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது மட்டும் அவனுக்கு ஏறவே இல்லை. சங்கம் தோன்றிய வரலாற்றிலிருந்து ஆரம்பித்தான்.

வரலாறு பாதி வரும்போது வீரமலையின் தொடை எரிந்தது. அவர் நின்றார். ஜெயகுமார் தியாகங்களைப் பட்டியல் போட்டபோது கெண்டைக்கால் எரிந்தது. அவர் நின்றார். கண்ணில் நீர் கோத்தது. "நம்ம தலைவரு மேல எனக்குக் கோவமில்லைங்க, வருத்தம்தான்" என்று ஜெயகுமார் தழுதழுத்தபோது பாதம் இரண்டும் காணாமல் போய்விட்டன. அவர் ரெங்கம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்துவிட்டார்.

கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. யாரோ சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க!" என்றாள் ரெங்கம்மா. "வீட்டுல எங்கிட்டயுந்தான் இப்படி நிக்கிறாரு. நான் என்னா தொரயா?"

சிரிப்பு கூடியது. குனிந்த நிலையிலேயே வீரமலை தலையை மட்டும் தூக்கினார்.

"நான் எந்தத் தொரைக்கும் குனியலப்பா. என் காலுக்குத்தான் குனிஞ்சேன். நம்பினா நம்புங்க, இல்லாட்டி விடுங்க. ஆனா எங்கப்பனை மாதிரி பயந்து வளைஞ்சேன்னு மட்டும் சொல்லாதீங்க. அதை மட்டும் என்னால தாங்க முடியாது."

 சில பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி இல்லை என்பது? ஜெயகுமார் கூட்டத்தின் பக்கம் திரும்பினான்.

"புதுத் தலைவரைத் தெரிவு செய்யணும். ஒத்துக்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றான்.

கைகள் தயங்கித் தயங்கி எழும்பின. அந்த நேரத்தில், ஒப்பீஸ் பக்கமிருந்து செபமாலை மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"தொர போயிட்டாரு! காலையிலேயே பொட்டியெல்லாம் ஜீப்புல ஏத்திக்கிட்டு பதுளைக்குப் போயிட்டாரு. மாத்தல் கேட்டிருக்காராம். இனி இந்தத் தோட்டத்துப் பக்கமே வர மாட்டாராம்!"

தூக்கிய கைகள் தூக்கியபடியே நின்றன.

"ஏன்?" என்றான் ஜெயகுமார். "நம்ம தலைவரோடதான் அம்புட்டு ஒட்டா இருந்தாரே!"

செபமாலை, குனிந்து நின்ற வீரமலையைப் பார்த்து, தன்னையறியாமல் ஓர் அடி பின்னால் போனான்.

"ஒட்டா? 'மொத நாளு மேசை மேல பாஞ்சு மூஞ்சிக்கு நேரா சீறுனாரு, ரெண்டாவது வாட்டி கேட்டது கெடைக்காம எழும்ப மாட்டேன்னு குந்திக்கிட்டாரு, அடுத்த வாட்டி பொல்லோடயே வந்துட்டாரு, இனி வந்தா என்னா கொண்டாருவாரோ, இப்படி ஒரு மொரட்டுத் தலைவரை நான் எந்தத் தோட்டத்துலயும் பாத்ததில்ல செபமாலை'ன்னு வாசலைத் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே சொல்லிட்டுல்ல போனாரு!"